அப்பாவோடு சண்டை, அம்மாவின் குரலுக்கு ஏக்கம்: வட ஆப்பிரிக்கப் பிரெஞ்சு நாவல்களை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: அல்ஜீரியா, மொரோக்கோ, துனீசியா நாட்டு எழுத்தாளர்கள் பிரெஞ்சில் எழுதிய நாவல்களில் ஒரு பக்கம் கொதிக்கும் கலகம், இன்னொரு பக்கம் பழையதை நினைத்து உருகும் ஏக்கம். ஒரே புத்தகத்தில் இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன? எதில் தொடங்கிப் படிப்பது?

கலகம் யாருக்கு எதிரானது என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக மட்டும் என்று நினைத்துப் படித்தால் பாதி நாவல்கள் புரியாது. வீட்டுக்குள் தகப்பனின் அதிகாரம் இரண்டாவது எதிரி. விடுதலைக்குப் பின் வந்த சொந்த அரசு மூன்றாவது. மூன்றையும் எதிர்ப்பவருக்குக் கால் ஊன்ற இடம் மிஞ்சுவதில்லை. ஏக்கம் அங்கேதான் பிறக்கிறது. ஆகவே இந்த நாவல்களில் ஏங்கப்படுவது பெரும்பாலும் ஒரு பொற்காலம் கிடையாது. ஒரு குரல், ஒரு முற்றம், படிக்கத் தெரியாத ஒரு தாய். கலகம் செய்ததால்தான் அது கைவிட்டுப் போனது என்று எழுதுபவருக்கே தெரியும். அந்தத் தெரிதல்தான் இந்த எழுத்தின் கனம்.

வரலாற்றில் ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைப் பிடித்தது 1830இல். துனீசியா 1881இலும் மொரோக்கோ 1912இலும் பிரான்சின் ‘பாதுகாப்பு’க்குள் வந்தன. பின்னிரண்டு நாடுகளிலும் உள்ளூர் ஆட்சியாளர் பெயரளவிலாவது நீடித்தார். பழைய கல்விக்கூடங்களும் தப்பின. அல்ஜீரியாவோ பிரான்சின் ஒரு பகுதியாகவே ஆக்கப்பட்டது. நிலமும் பள்ளியும் மொழியும் வேரோடு ஆட்டம் கண்டன. அதனால் அல்ஜீரிய நாவலில் ஏக்கம் மூதாதையர் வரை தோண்டிக்கொண்டு போகிறது. மொரோக்கோ நாவலில் சண்டை சாப்பாட்டு மேசையிலேயே, அப்பாவோடு தொடங்கிவிடுகிறது. மொரோக்கோவும் துனீசியாவும் 1956 மார்ச்சில் விடுதலை பெற்றன. அல்ஜீரியா 1954 முதல் ஏழரை ஆண்டுப் போருக்குப் பின் 1962 ஜூலையில்.

கலகத்துக்கும் ஏக்கத்துக்கும் பொதுவான பிறப்பிடம் பிரெஞ்சுப் பள்ளி. அல்ஜீரிய எழுத்தாளர் முகம்மத் திப் 1952இல் வெளியிட்ட ‘பெரிய வீடு’ நாவலில் ஒரு வகுப்பறைக் காட்சி உண்டு. அல்ஜீரியாவின் த்லெம்சென் நகரம், இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன். ஆசிரியர் ஹசன் ‘தாய்நாடு என்றால் என்ன?’ என்று கேட்கிறார். ஒரு பையன் எழுந்து, பிரான்ஸ்தான் நம் தாய்நாடு என்று ஒப்பிக்கிறான். பசியில் கிடக்கும் ஓமர் வாய்க்குள் ஒளித்த ரொட்டித் துண்டை மென்றபடி, என் அம்மா வீட்டில் இருக்கிறாள், எனக்கு இரண்டு அம்மா கிடையாதே என்று யோசிக்கிறான். பாடம் முடியும் தறுவாயில் ஆசிரியர் திடீரென அரபியில் பேசுகிறார்: பிரான்ஸ் உங்கள் தாய்நாடு என்று யாராவது சொன்னால் அது உண்மையில்லை. பையன்கள் திகைத்துப் போகிறார்கள். பொய்யைக் கற்பித்த அதே வகுப்பில், பிரெஞ்சுப் பாடத்தின் நடுவே, எதிர்ப்பு அரபியில் எட்டிப் பார்க்கிறது. ஆனால் இதையெல்லாம் திப் எழுதுவது பிரெஞ்சில்.

இதே பள்ளி தாயைப் பிரித்த கதையை இன்னொரு அல்ஜீரியரான கதேப் யாசின் சொல்கிறார். அவருடைய ‘விண்மீன் பலகோணம்’ (1966) நூலின் கடைசிப் பக்கங்களில், தந்தை தன்னைக் குரான் பள்ளியிலிருந்து எடுத்து ‘ஓநாயின் வாய்க்குள்’ சேர்த்ததை எழுதுகிறார். பையன் புதிய மொழியில் மூழ்கிப் போகிறான். கவிதையும் நாடகமும் நாவில் புரளும் தாய் ஒதுங்கிப் போகிறாள். ஒருநாள் அவளே வந்து, உன் உலகத்திலிருந்து உன்னைப் பிரிக்கக் கூடாதென்றால் எனக்கும் அந்த மொழியைச் சொல்லிக்கொடு என்று கேட்கிறாள். தொப்புள்கொடி இரண்டாவது முறை அறுந்தது அப்போதுதான் என்கிறார் யாசின். பிரெஞ்சைப் போரில் கைப்பற்றிய பொருள் என்று பெருமிதத்தோடு சொன்னவரும் இவரே. இரண்டு வாக்குமூலங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியுங்கள். ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டும் கட்டுரைகள் ஏராளம்.

கலகத்தின் உச்சம் மொரோக்கோவின் திரிஸ் ஷ்ராய்பி எழுதிய ‘எளிய கடந்தகாலம்’ (1954). நாயகன் திரிஸ் ஃபெர்தி. அப்பா தேயிலை வணிகர், ஹஜ் சென்று வந்தவர். பிள்ளைகள் அவரைப் ‘பிரபு’ என்றே குறிப்பிடுகிறார்கள். அவர் முன்னால் சாப்பிடக்கூட உத்தரவு வேண்டும். அவர் கையடியில் கடைக்குட்டி ஹமீத் சாகிறான். தாய் பிறகு தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறாள். அதற்கு முன் அவள் செய்யும் வேண்டுதல் ஒன்று: சொந்த ஊர் மகான்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று கிரேக்கர்களின் மகான்களையும் ரஷ்யர்களின் மகான்களையும் கூப்பிட்டு, என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். வீட்டுக் கொடுமையை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன ஒரு வரி அந்த இலக்கியத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

பலர் கவனிக்காமல் தாண்டிப்போவது மறுபாதியை. பிரெஞ்சுப் பள்ளி இறுதித் தேர்வில் திரிஸுக்குக் கட்டுரைத் தலைப்பு ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’. அந்தத் தலைப்பை வைத்தே பிரான்சின் பாசாங்கைக் கிழிக்கிறான் அவன். வீட்டை விட்டு ஓடி பிரெஞ்சுத் தோழர்களின் கதவைத் தட்டும்போது அந்தக் கதவுகளும் திறப்பதில்லை. ஆக, இந்த நாவல் இரண்டு முனைகளில் போரிடுகிறது. இதைப் பார்க்காமல் ஒரே முனையை மட்டும் பார்த்ததால்தான் அன்று பெரிய குழப்பம் வந்தது. சுல்தானைப் பிரான்ஸ் நாடுகடத்தியிருந்த நேரம் அது. மொரோக்கோ சமூகம் இவ்வளவு அழுகியது என்றால் பிரான்ஸ் இருந்தாக வேண்டும் என்று காலனி ஆதரவாளர்கள் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். தேசியவாதிகள் துரோகி என்றார்கள். அழுத்தம் தாங்காமல் 1957இல் ஷ்ராய்பி தன் நாவலையே மறுத்து எழுதினார்; அப்படிச் செய்ததற்குப் பிறகு வருந்தினார். பத்தாண்டு கழித்து 1967இல் ரபாத்தின் ‘சூஃப்ல்’ இதழ் அவருக்காகக் குரல் கொடுத்தது.

ஏக்கம் எங்கே என்று கேட்டால், 1962இல் வந்த ‘திறந்த வாரிசுரிமை’யை எடுங்கள். அதே திரிஸ், அப்பாவின் சாவுக்காகப் பிரான்சிலிருந்து திரும்புகிறான். முந்தைய நாவலின் முடிவில் விமானத்தில் ஏறி, தான் விட்டுப்போகும் அத்தனை பேர் தலையிலும் சிறுநீர் விழட்டும் என்று நினைத்தவன் அவன். இப்போது அந்தப் ‘பிரபு’வின் பிணத்துக்கு முன் நிற்கிறான். அப்பா விட்டுச் சென்ற செய்தி: கிணறு தோண்டு, வெளிச்சம் மேலே கிடைக்காது, அடியில்தான். இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்தால் கலகம் தோற்றுச் சமரசமாகிவிட்டது என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. வெறுத்தது ஓர் ஆளையா, ஓர் அமைப்பையா என்று பிரித்துப் பார்க்கும் வயது திரிஸுக்கு வந்திருக்கிறது. முதல் நாவலில் அதற்கான இடைவெளி இல்லை.

அதே 1954இல் இன்னொரு மொரோக்கோ நாவலும் வந்தது: அஹ்மத் செஃப்ரீவியின் ‘அதிசயப் பெட்டி’. ஃபெஸ் நகரில் ஆறு வயதுப் பையன்; பொத்தான், கண்ணாடி மணி, ஆணி எல்லாம் போட்டு வைத்த பெட்டி அவன் உலகம். குடித்தனக்காரர்கள் நிறைந்த வீடு, குறி சொல்லும் பெண், தாயின் ஓயாத புலம்பல். பிரெஞ்சுக்காரர் யாருமே கதைக்குள் வருவதில்லை. ‘சுற்றுலாக்காரனுக்கு எழுதியது’ என்று இதை ஒதுக்கினார்கள். கொஞ்சம் அநியாயமான தீர்ப்பு. ஒரு வீட்டின் பேச்சையும் மணத்தையும் காலனியின் பார்வை படாமல் எழுத முடியும் என்று காட்டியதே ஒரு நிலைப்பாடுதான். ஆனால் கலகமே இல்லாத ஏக்கம் எங்கே தளர்ந்துபோகும் என்பதும் இந்தப் புத்தகத்தில் தெரியும். பையனின் தனிமை எதனால் என்ற கேள்வியை அது கடைசிவரை கேட்பதில்லை.

துனீசியாவின் ஆல்பெர் மெம்மி இதே முடிச்சை யூதச் சிறுவனின் பக்கத்திலிருந்து அவிழ்க்கிறார். ‘உப்புச் சிலை’ (1953) நாயகன், ஆவி ஓட்டும் சடங்கில் தன் தாய் வெறிகொண்டு ஆடுவதைப் பார்க்கிறான். மேற்கத்தியப் படிப்பு படித்தவனுக்கு அவள் அந்நியமாகிப் போகிறாள். அருவருப்பும் குற்ற உணர்வும் ஒரே நொடியில். மெம்மியின் மற்ற புத்தகங்களுக்குப் போகும் முன் இந்த ஓர் அத்தியாயத்தைப் படியுங்கள்.

இனி யாசினின் ‘நெஜ்மா’ (1956). இந்த இலக்கியத்தின் மையக் கல் இதுதான். பலர் இடறி விழுவதும் இதில்தான். 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். செத்தீஃப், கெல்மா பகுதிகளில் கொடி ஏந்திய அல்ஜீரியர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. கலவரமும், தொடர்ந்து வாரக்கணக்கில் படுகொலையும். பள்ளி மாணவராக இருந்த யாசின் கைதானார், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் இறந்துவிட்டார் என்று நினைத்துத் தாய் மனம் பிறழ்ந்தார். இதைத் தெரிந்துகொள்ளாமல் நாவலுக்குள் போகாதீர்கள்.

லக்தார், முராத், ரஷீத், முஸ்தஃபா என்ற நான்கு இளைஞர்கள். நால்வரும் நெஜ்மா என்ற ஒருத்தியைச் சுற்றி வருகிறார்கள். அவள் தாய் பிரெஞ்சுக்காரி. தந்தை யார் என்பது உறுதியில்லை. காலம் நேர்கோட்டில் போகாது. ஆறு பாகங்கள்; ஒவ்வொன்றும் 12 சிறு துண்டுகளாக, சில பாகங்களில் அந்தப் பன்னிரண்டு இரட்டிப்பாக. முடிவில் தொடக்கத்தில் வந்த காட்சியே திரும்ப வருகிறது.

பொதுவாக நடக்கும் தவறு, முதல் வாசிப்பிலேயே எது முன், எது பின் என்று வரிசைப்படுத்த முயல்வது. ஐம்பது பக்கத்தில் களைத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். ஒரு தாளில் நான்கு பெயர்களை எழுதி, ஒவ்வொரு துண்டிலும் யார் பேசுகிறார், எந்த ஊர் என்று மட்டும் குறித்துக்கொண்டே போங்கள்: கட்டட வேலைத்தளம், போன் (இன்றைய அன்னாபா), கான்ஸ்டன்டைன், நாதோர். இந்த நான்கு இடமும் பிடிபட்டால் காலம் தானாக ஒழுங்குக்கு வரும். முடித்ததும் முதல் பாகத்தை உடனே மறுபடி படியுங்கள். அப்போதுதான் லக்தாருக்கும் மேற்பார்வையாளருக்கும் நடந்த சண்டையின் எடை தெரியும்.

இரண்டாவது தவறு, நாதோர் பகுதியைக் கிராமியக் கதை என்று தாண்டிப்போவது. நாவலின் முழுப் பதிலும் அங்கே இருக்கிறது. கிழவர் சி முக்தாரும் ரஷீதும் நெஜ்மாவைக் கூட்டிக்கொண்டு மூதாதை கெப்லூத்தின் நிலத்துக்குத் திரும்புகிறார்கள். ஏக்கம் கேட்ட இடம் அதுதான்: காடு, நீர், குலம். அங்கே என்ன நடக்கிறது? குலத்தைக் காவல் காக்கும் ஒருவன் சி முக்தாரைச் சுட்டுக் கொல்கிறான். நெஜ்மாவைக் குலம் வைத்துக்கொள்கிறது. ரஷீத் வெளியே துரத்தப்படுகிறான். திரும்பிப் போகலாம், ஆனால் மூதாதையர் உன்னை ஏற்க மாட்டார்கள். விடுதலைக்கு ஆறு ஆண்டு முன்பே, போர் நடந்துகொண்டிருக்கும்போதே யாசின் இதை எழுதிவிட்டார். பிற்பாடு அவரே பிரெஞ்சு நாவலை விட்டு, 1970களில் அல்ஜீரியப் பேச்சு அரபியில் நாடகம் போட்டுத் தொழிலாளர்களிடமும் விவசாயிகளிடமும் போனார்.

அல்ஜீரியப் பெண் எழுத்தாளர் அஸ்ஸியா ஜெபார் கைக்கு வந்ததும் கலகமும் ஏக்கமும் இடம் மாறுகின்றன. ‘காதல், ஃபான்டாசியா’ (1985) ஓர் அரபுச் சிறுமி தன் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முதல்முறை பள்ளிக்குப் போவதில் தொடங்குகிறது. தந்தையே பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியர். இங்கே தகப்பன் கதவைத் திறந்துவிடுகிறார். ஆனால் ஒரு பையன் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடுபவரும் அவரே. அவர் வெளியூரிலிருந்து தன் மனைவிக்கு அவள் பெயரையே முகவரியில் எழுதி அஞ்சலட்டை அனுப்புகிறார்; ஊர்ப் பெண்கள் வாயடைத்துப் போகிறார்கள். எவ்வளவு சின்ன விஷயம், எவ்வளவு பெரிய கலகம்!

ஜெபார் வரலாற்றாய்வாளரும்கூட. பிரெஞ்சு அதிகாரிகளின் அறிக்கைகளையும் கடிதங்களையும் தோண்டி எடுக்கிறார். 1845 ஜூனில் தஹ்ரா மலைக் குகைகளுக்குள் புகுந்த உலத் ரியா குலத்தாரைத் தளபதி பெலிசியே புகைமூட்டிக் கொன்றார். நடந்ததை விரிவாக அறிக்கையும் எழுதினார். அவர் எழுதாவிட்டால் இறந்தவர்கள் தடமின்றிப் போயிருப்பார்கள் என்பதால், கொலைகாரனுக்கே நன்றி சொல்லும் துணிச்சலான பத்தி ஒன்று நாவலில் உண்டு. மூன்றாம் பாகத்தில் விடுதலைப் போரில் பங்கெடுத்த கிராமத்துப் பெண்கள் பேசுகிறார்கள். எழுத்தறியாத அவர்கள் குரலை, எதிரியின் மொழியில், ஒரு மகள் எழுதுகிறாள். பெண்கள் கூடும் உள்முற்றத்துக்கு ஜெபார் ஏங்குகிறார், அதன் பூட்டை மன்னிப்பதில்லை. நாவல் வருவதற்கு ஓராண்டு முன்பு, 1984இல் அல்ஜீரிய அரசு குடும்பச் சட்டம் கொண்டுவந்து பெண்களைச் சட்டப்படி ஆணின் கீழ் வைத்தது. போரில் குண்டு சுமந்த பெண்களின் பேச்சை அந்த நேரத்தில் அச்சேற்றியதன் பொருள் அன்றைய வாசகர்களுக்குப் புரிந்திருக்கும்.

விடுதலைக்குப் பிந்தைய கலகத்தின் களம் ‘சூஃப்ல்’. 1966இல் அப்தெல்லத்தீஃப் லாபி தொடங்கிய இதழ், 1972இல் தடை. லாபி 1972 முதல் 1980 வரை சிறையில். அவரே 2002இல் ‘ஜாடியின் அடியில்’ என்று ஃபெஸ் நகரத்துப் பால்யத்தை எழுதினார். கலகக்காரன் வயதாகிச் சாந்தமானான் என்று படிக்க வேண்டாம். அதில் வரும் தாய் கீதா வாயாடி. விதியை, கணவனை, நோன்பை, எல்லாவற்றையும் ஏசுகிறாள். மகனின் கலகம் பிரெஞ்சுப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல, அடுப்படியிலிருந்து வந்தது என்று அந்த நாவல் அமைதியாக நிறுவுகிறது.

இதைவிடக் கூரான எடுத்துக்காட்டு மொரோக்கோவின் முகம்மத் கைர்-எதீன். 1960 பிப்ரவரி 29 இரவில் நிலநடுக்கம் அந்நாட்டு அகாதீர் நகரைத் தரைமட்டமாக்கியது. ‘அகாதீர்’ (1967) நாவலில், உயிர் தப்பியவர்களின் கோப்புகளைப் பார்க்க அனுப்பப்பட்ட ஓர் அலுவலர் அந்தச் சிதைவில் நிற்கிறார். இலக்கணம் உடைகிறது, கவிதை நாடகமாகிறது, அரசனும் தகப்பனும் குலமும் வசைக்கு உள்ளாகிறார்கள். அதே கைர்-எதீன் இறந்தபின் 2002இல் வந்தது ‘ஒரு காலத்தில் ஒரு மகிழ்ச்சியான வயதான தம்பதி’. தெற்கு மலைக் கிராமம், பிள்ளையில்லாத கிழவன் கிழவி, சமையல், தேநீர், மழை. தெளிந்த வாக்கியங்கள். தன் பெர்பர் மண்ணை வசைபாடத் தெரிந்த அளவுக்கு நேசிக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் படித்தவர்கள் வேறு வேறு எழுத்தாளரைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும்.

துனீசியாவின் எலே பேஜியும் அப்படித்தான்: 1982இல் விடுதலை பெற்ற தேசத்தின் மீதான ஏமாற்றத்தை அரசியல் கட்டுரையாக எழுதினார், 1985இல் ‘பகலின் கண்’ நாவலில் பாட்டி வீட்டின் தொழுகையையும் சமையலறையையும். ஒன்றின் கேள்விக்கு மற்றது விடை.

ஏக்கத்தை அரசே கைப்பற்றிக்கொள்ளும்போது என்ன ஆகும்? அல்ஜீரியாவின் தாஹர் ஜாவூத் எழுதிய ‘எலும்பு தேடுவோர்’ (1984) அதைச் சொல்கிறது. விடுதலைக்குப் பின் ஒவ்வொரு குடும்பமும் போரில் இறந்த பிள்ளையின் எலும்பைத் தேடிக் கிளம்புகிறது. எலும்பு இருந்தால் மதிப்பு, சலுகை. ஒரு விடலைப் பையன் உறவுக்காரக் கிழவரோடும் கழுதையோடும் அண்ணனின் எலும்பைக் கொண்டுவரப் போகிறான். வழியில் அவனுக்குத் தோன்றுகிறது: அந்த ஊரை விட்டுத் தப்பியோடவே விரும்பிய அண்ணனை நாம் மறுபடி ஊருக்குள் புதைக்கப் போகிறோம், நம்மில் மிகவும் செத்தது அண்ணனின் எலும்புக்கூடு இல்லை. தியாகத்தின் நினைவு ஆட்சியாளர்களின் முதலீடானதை இவ்வளவு எளிமையாக வேறு யாரும் எழுதவில்லை. ஜாவூத் 1993 மே மாதம் அல்ஜியர்ஸ் அருகே சுடப்பட்டு ஜூன் தொடக்கத்தில் இறந்தார்.

ஒரு எச்சரிக்கை. 1962இல் அல்ஜீரியாவை விட்டுப் போன ஐரோப்பியக் குடியேறிகளும் ஏராளமாக ஏக்க நூல்கள் எழுதினார்கள்: வெயில், கடற்கரை, மல்லிகை. அவற்றில் அரபு மனிதர்கள் பெரும்பாலும் பின்னணி. இந்த ஏக்கத்தையும் ஜெபாரின் ஏக்கத்தையும் ஒரே கூடையில் போடும் கட்டுரைகளை நம்பாதீர்கள். ஒன்று ஆண்டதை இழந்தது. மற்றது ஆளப்பட்டபோதே இழந்தது. அல்ஜீரியரான காமெல் தாவுத்தின் ‘மெர்சோ: மறுவிசாரணை’ நாவல் இந்த இடத்தில்தான் குத்துகிறது. ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலில் கடற்கரையில் பெயரில்லாமல் சாகும் அரபுக்கு மூசா என்று பெயர் வைத்து, அவன் தம்பி ஹாரூனைப் பேச வைக்கிறார். ஹாரூன் 1962 ஜூலையில் ஒரு பிரெஞ்சுக்காரனைக் கொல்கிறான். விசாரிக்கும் அதிகாரிக்குக் கொலை குற்றமாகப் படவில்லை; சில நாள் முன்பு, போர் நடக்கும்போதே செய்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் குறை. பழைய ஆட்சி, புதிய ஆட்சி, பழிவாங்கச் சொல்லி விடாத தாய் என மூன்று முனைகளும் இந்த ஒரே காட்சியில் வந்துவிடுகின்றன.

படிக்கும் வரிசை: திப்பின் ‘பெரிய வீடு’ முதலில், சிறியது, நேரானது. பிறகு ஷ்ராய்பியின் இரண்டு நாவல்களும் இடைவெளி விடாமல். அடுத்து ஜெபார், முதல் இரண்டு பாகங்களில் வரலாறும் தன்வரலாறும் மாறி மாறி வரும், ஓரத்தில் ஆண்டைக் குறித்துக்கொண்டால் குழப்பமில்லை. நான்காவதாக ‘நெஜ்மா’. அதன்பின் ஜாவூத். பிரெஞ்சு தெரியாவிட்டால் ஷ்ராய்பியின் முதல் நாவலும் ‘நெஜ்மா’வும் ஜெபாரும் ஆங்கிலத்தில் உண்டு. தமிழில் மட்டும் படிப்பவர்கள் காம்யுவும் தாவுத்தும் மோதும் இடத்திலிருந்து தொடங்கலாம்: வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியிட்ட ‘அந்நியன்’, அதை முடித்த கையோடு அவரே மொழிபெயர்த்த தாவுத்தின் ‘மெர்சோ: மறுவிசாரணை’. முந்தையதைப் படிக்காமல் பிந்தையதை எடுத்தால் ஹாரூன் யாரோடு சண்டை போடுகிறான் என்றே பிடிபடாது.